படம் என்னுது, டிசைன் அவளுது

ஊர்ல யாராவது என்னை "டிசைனர் சார்"னு கூப்பிட்டா பொசுக்குன்னு கோவம் வந்துடும். நான் டிசைனர் இல்ல. படம் வரையிறவன். இல்லஸ்ட்ரேட்டர். குழந்தைங்க புத்தகத்துல வர்ற யானை, நரி, மழை, ஸ்கூலுக்கு லேட்டா ஓடுற பொண்ணு, இதெல்லாம் வரைஞ்சுதான் என் பொழப்பு ஓடுது. டிசைனர் என் பொண்டாட்டி. அவளுக்கு வரைய வராது. கோழி வரையச் சொன்னா வாத்து வரும். ஆனா என் படம் பக்கத்துல எங்க ஒக்காரணும், எழுத்து எந்த அளவுல இருக்கணும், எந்த இடத்தைச் சும்மா வெறுமையா விடணும், அட்டையைப் பாத்ததும் கண்ணு மொதல்ல எங்க போவணும், இதையெல்லாம் முடிவு பண்றது அவ. ரெண்டும் வேற வேற தொழில். கொத்தனாரையும் ஆசாரியையும் ஒரே பேர் சொல்லியா கூப்பிடுறோம்?

இதை நான் விருத்தாசலத்துல ஒரு பத்து பேருக்காவது வெளக்கியிருப்பேன். பத்து பேரும் பொறுமையா தலையை ஆட்டிட்டு, "சரி சார், அப்ப பேனர் போட்டுத் தர மாட்டீங்களா?"ன்னு கேட்டாங்க.

ரெண்டு பேரும் சென்னையில ஒரே பதிப்பகத்துல வேலை பாத்தோம். அங்க பழகி, அங்கயே கல்யாணம் பண்ணிகிட்டோம். அப்புறம் எல்லா வேலையும் நெட்டுலயே அனுப்பிடலாம்னு ஆனதும், பீங்கான் சாமான் பண்ற செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால பூட்டிக் கெடந்த எங்க அப்பா வீட்டுக்கு வந்துட்டோம். வரலாம்னு சொன்னது நான். அவ சென்னையில பொறந்து வளந்தவ. இந்த வெயிலும் பீங்கான் தூசும் அவளுக்கு எதுக்கு? எனக்காக வந்தா. வந்து மூணே மாசத்துல தெருவுல என்னை விட அவளைத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது.

காரணம் பேனருதான். நான் மூஞ்சைத் தூக்கி வெச்சுகிட்டு "அது என் வேலை இல்லைங்க"ன்னு சொல்லி அனுப்புன ஆளுங்களை, அவ வாசல் வரைக்கும் போயி திரும்பக் கூட்டிகிட்டு வருவா. ஒரு தடவை காதுகுத்து பேனரு. அம்பத்திரெண்டு சொந்தக்காரங்க மூஞ்சி. தாய்மாமன் ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. பெரியவரு மூஞ்சி கீழ வந்தா அவரு மொய் வெக்காம போயிடுவாரு. சின்னவரு மூஞ்சி சின்னதா இருந்தா அவரு பந்தியில ஒக்கார மாட்டாரு. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. "பேனரு தெருவுல எந்தப் பக்கம் கட்டுவீங்க? பெரியவரு எந்தப் பக்கத்துலேர்ந்து வருவாரு?"ன்னு கேட்டா. பெரியவரு பாலக்கரையிலேர்ந்து வருவாரு, சின்னவரு ஸ்டேஷன் பக்கத்துலேர்ந்து வருவாருன்னு தெரிஞ்சுகிட்டு, பேனரோட ஓரத்துக்கு ஒருத்தரா வெச்சா. ரெண்டு பேருக்கும் தன்னோட மூஞ்சிதான் மொதல்ல கண்ணுல பட்டுச்சு. ரெண்டு பேரும் சாப்ட்டாங்க. புள்ளையோட அம்மா மறுநாள் ஒரு தட்டு நெறைய அதிரசம் கொண்டாந்து அவ கையில குடுத்துட்டுப் போனாங்க. நானும் தின்னேன். தின்னுகிட்டே, "பெரிய சாதனைதான் போ"ன்னு கிண்டல் பண்ணினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வாயாலதான் எல்லாம் கெட்டுது.

ஏரிக்கு வர்ற பறவைங்களைப் பத்தி ஒரு புத்தகம் பண்ணினோம். அதுல நடுவுல ரெண்டு பக்கத்தை அவ முழுக்க காலியா விட்டுட்டா. கதையில ஏரி வத்திப் போற எடம் அது. அடியில ஒரே ஒரு வரி. நான் அங்க வெடிச்ச தரை, செத்த மீனு, கருவேல மரம்னு வரைஞ்சு வெச்சிருந்தேன். அதை எடுக்கணும்னு சொன்னா. ஒரு வாரம் சண்டை. கடைசியில எரிச்சல்ல, "என்னமோ பண்ணித் தொலை"ன்னு விட்டுட்டேன். அந்தப் புத்தகத்துக்குச் சென்னையில ஒரு சின்ன ஹால்ல பரிசு குடுத்தாங்க. மேடையில பேசுனவரு வேற எதையும் சொல்லல. அந்தக் காலிப் பக்கத்துக்கு வந்தப்ப அதுக்கு மேல திருப்ப மனசு வரலைன்னாரு. மைக்கை என் கையில குடுத்து, "எப்படிங்க தோணுச்சு?"ன்னாரு.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "அதோ மூணாவது வரிசையில ஒக்காந்திருக்காளே, அவளைக் கேளுங்க"ன்னு சொல்லியிருக்கணும். நான் சொன்னது என்னன்னா, "படம் வரையிறவனுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியணும்ங்க. மத்தபடி எழுத்து வெக்கிற வேலையெல்லாம் வீட்டம்மா பாத்துகிட்டாங்க." ஹாலே சிரிச்சுது. அவளும் சிரிச்சா.

திரும்பி வர்ற பஸ்ஸுல திண்டிவனம் தாண்டினப்புறம்தான் வாயைத் தொறந்தா. "எழுத்து வெக்கிற வேலையா?"

"தமாசுக்குச் சொன்னேன். இதுக்குப் போயி..."

"தமாசுதாங்க"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிகிட்டா.

அவ சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், ஜெயிச்சும் இருப்பேன். சத்தமே போடல. ஆடி மாசம், சென்னையில பிஸ்கட்டு பாக்கெட்டுக்கெல்லாம் டிசைன் பண்ற ஒரு கம்பெனியில கூப்பிட்டாங்க, கொஞ்ச நாள் போயிட்டு வரேன்னா. "போ, யாரு வேணாம்னா"ன்னேன். வாய்க்கொழுப்பு, வேற என்ன! ரெண்டு சூட்கேஸோட போனா. கம்ப்யூட்டரு, பெரிய மானிட்டரு, மேசையெல்லாம் இங்கயே இருந்துச்சு. அதைப் பாத்து, வந்துடுவான்னு எனக்கு நானே சொல்லிகிட்டேன்.

அவ திரும்பி வரணும். எனக்கு வேண்டியது அவ்ளோதான். இதை இவ்ளோ லேசா இங்க எழுதிட்டேன். அப்ப அவகிட்ட சொல்ல வாய் வரல.

தனியா இருக்கிறது எப்படின்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்ல. அரைக் கிளாசு அரிசி போதும். கொழம்பு மூணு நாளைக்கு வரும். ஒரு நாள் காலையிலேர்ந்து யார்கிட்டயும் பேசாம வரைஞ்சுகிட்டே இருந்துட்டு, சாயங்காலம் கடையில போயி "ஒரு டீ"ன்னேன், கொரலே வரல. கனைச்சுட்டு மறுபடி சொன்னேன். டீக்கடைக்காரரு, "சளியா சார்?"ன்னாரு. ஆமாம்னு சொல்லிட்டேன். வேற என்னத்தைச் சொல்றது?

பேசத் தெரியாதவன் வரைஞ்சேன். தெனமும் ஒரு படம். மொபைல்ல போட்டோ புடிச்சு அவளுக்கு அனுப்புவேன். அவ நாற்காலியில ஏறிப் படுத்திருக்கிற தெருப்பூனை. கழுவி வெச்ச ரெண்டு தட்டு, ஒண்ணு மட்டும் ஈரமா. கொடியில காயிற ஒத்தைச் சட்டை. கீழ ஒரு எழுத்து கூட எழுத மாட்டேன். எதுக்கு எழுதணும்? இதை விடத் தெளிவா எவன் சொல்ல முடியும்னு எனக்கு ஒரு கர்வம். அவகிட்டேர்ந்து ஒரு கட்டைவிரல் வரும். எப்பவாவது "பூனை நல்லா இருக்குதுங்க"ன்னு வரும். சரி, புரிஞ்சுகிட்டா, நாலு நாள்ல வந்து நிப்பான்னு நெனைப்பேன். ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு.

மார்கழியில எஸ்டேட்டுலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. சொந்தமா பீங்கான் யூனிட்டு வெச்சிருக்கிறவங்க, பொம்மையும் கப்பும் பண்றவங்க. பெண்ணாடத்துல ஒரு கரும்புக்காரங்க வீட்டுக் கல்யாணம், தை மாசம். வர்றவங்களுக்குத் தாம்பூலப் பையில போட்டுக் குடுக்க நானூறு கப்பு. பொண்ணு மாப்பிள்ளை படம் கப்பைச் சுத்தி வரணுமாம். அவங்களுக்கு இவ்ளோ பெரிய ஆர்டரு வந்தது அதுதான் மொத தடவை.

"மேடம் இல்லையே சார். டிசைனும் நீங்களே பண்ணிடுவீங்களா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க.

"அதென்னங்க பெரிய வித்தை?"ன்னேன்.

நீளமா ஒரு பட்டை மாதிரி தாளை எடுத்துகிட்டேன். இடது ஓரத்துல பொண்ணு, வலது பக்கமா பாத்துகிட்டு. வலது ஓரத்துல மாப்பிள்ளை, அவளைப் பாத்துகிட்டு. நடுவுல கோபுரம், ஆறு, காத்துல சாயிற கரும்புத் தோட்டம். அவ்ளோ தூரத்துலேர்ந்து ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்குற பார்வை இருக்குது பாருங்க, அதுல நான் என் ஆசையெல்லாம் கொட்டிட்டேன். அக்கா தாளைக் கையில வாங்கிப் பாத்துட்டு, "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குது சார்"ன்னாங்க. அந்தப் படத்தை ஸ்டிக்கரா அச்சடிச்சு, தண்ணியில ஊற வெச்சு, கப்பு மேல வழுக்கி ஒட்டி, சூளையில வெச்சாங்க. சூளையில வெந்ததுக்கப்புறம் அது ஸ்டிக்கரு இல்ல. சுரண்டினாலும் வராது.

கப்பு வெளிய எடுத்த அன்னிக்கு நான் போயிருந்தேன். பொண்ணோட அம்மாவும் பெண்ணாடத்துலேர்ந்து வந்திருந்தாங்க. ஒரு கப்பை வலது கையில புடிச்சுப் பாத்தாங்க.

"மாப்பிள்ளை இருக்காரு. என் பொண்ணு எங்க?"

"திருப்புங்கம்மா, அந்தப் பக்கம்"ன்னேன்.

திருப்பினாங்க. "இப்ப என் பொண்ணு இருக்குது. மாப்பிள்ளை எங்க?" இன்னும் கொஞ்சம் திருப்பினாங்க. கைப்பிடி நேரா வந்துச்சு. அவங்க மூஞ்சி மாறிப் போச்சு. "அய்யய்யோ! ரெண்டும் முதுகைக் காட்டிகிட்டு நிக்கிதுங்களே! நடுவுல இந்தக் கைப்பிடி வேற. தாலி ஏறுறதுக்கு முன்னாடியே மூஞ்சைத் திருப்பிகிட்டு நிக்கிறதா? இந்தக் கப்புல ஊரு சனம் காப்பி குடிக்கணுமா? எனக்கு வேணாம் தாயி."

தாள்ல ஒரு ஓரமும் இன்னொரு ஓரமும் எவ்ளோ தூரமோ, கப்புல ரெண்டும் அவ்ளோ பக்கம். ரெண்டும் கைப்பிடிகிட்ட வந்து ஒட்டிக்கும். சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியல. நான் தாளைத்தான் பாத்தேன். கப்பை யாரும் விரிச்சுப் பாக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. அவளா இருந்தா மொதல்ல ஒரு காயிதத்துல கிறுக்கி, தண்ணி டம்ளரு மேல சுத்தி, டேப்பு ஒட்டி மேசை மேல வெச்சுட்டு, அதைச் சுத்திச் சுத்தி வந்திருப்பா. அப்படி அவ செய்யிறப்பெல்லாம் "கத்தரிக்கோலு வெளையாட்டு ஆரம்பிச்சாச்சா?"ன்னு கேப்பேன் நான்.

அக்கா நானூறு கப்பையும் பாத்துகிட்டு நின்னாங்க. திட்டியிருந்தா தேவலாம். "கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்குது சார். மேடத்தை ஒரு வார்த்தை கேளுங்களேன்"ன்னாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கு அவமானத்துல காது சுட்டுது.

யூனிட்டுக்கு வெளிய, வேப்பமரத்தடியில நின்னு போன் போட்டேன். அஞ்சு மாசத்துல நானா அவளுக்குப் போட்ட மொத போன். ரெண்டாவது ரிங்குலயே எடுத்தா. நடந்ததைச் சொன்னேன். சிரிப்பான்னு நெனைச்சேன். சிரிக்கல. கப்பு எவ்ளோ உசரம், வாயும் அடியும் ஒரே சுத்தளவா, கப்பை அட்டைப் பெட்டியில போட்டுக் குடுப்பாங்களா, பெட்டியில எந்தப் பக்கம் வெளிய தெரியும்னு கேட்டா. கேக்கக் கேக்க ஓடிப் போயி அளந்து வந்து சொன்னேன். அப்புறம் சொன்னா: "வலது கையில புடிச்சுக் குடிக்கிறவருக்கு ஒரு பக்கந்தாங்க தெரியும். மறுபக்கம் எதிர்ல ஒக்காந்திருக்கிறவருக்குத் தெரியும். ரெண்டு பேருக்குமே பொண்ணும் மாப்பிள்ளையும் சேந்து தெரியணும். அவங்களைத் தனித்தனியா வெட்டி எடுத்து அனுப்புங்க. கோபுரத்தைத் தனியா அனுப்புங்க."

அனுப்பினேன். அன்னிக்குச் சாயங்காலமே திரும்ப வந்துச்சு. கப்போட ரெண்டு பக்கமும் சோடியா நின்னாங்க, பக்கத்துல பக்கத்துல, ஒருத்தரை ஒருத்தர் பாத்துகிட்டு. கைப்பிடிக்கு நேரெதிர்ல கோபுரம். என் கரும்புத் தோட்டத்தைக் காணோம், ரெண்டே ரெண்டு கழி மட்டும் நிக்கிது. முன்னாடியா இருந்தா குதிச்சிருப்பேன். இந்தத் தடவை தாளை டம்ளரு மேல சுத்தி வெச்சுட்டு நானும் அதைச் சுத்திச் சுத்தி வந்தேன். எந்தப் பக்கம் நின்னாலும் அவங்க ரெண்டு பேரும் சேந்துதான் இருந்தாங்க. இத்தனை வருஷமா எதிர் மேசையில இதைத்தான் பண்ணிகிட்டு இருந்திருக்கா. யாரு பாப்பாங்க, எங்கேர்ந்து பாப்பாங்கன்னு யோசிச்சுகிட்டே இருந்திருக்கா. நான் என் கைக்குத் தோணுனதை வரைஞ்சு நீட்டினேன், அவ அதை ஆளுங்க கண்ணுக்கு எட்டுற எடத்துல கொண்டு போயி வெச்சா. வெக்கமா இருந்துச்சு.

புதுக் கப்பு நேரத்துக்குப் போச்சு, கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. பொண்ணோட அம்மா நூறு கப்பு கூடுதலா கேட்டாங்க. பழைய நானூறையும் எஸ்டேட்டுல வேலை பாக்குறவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. முதுகைக் காட்டுற சோடியை இன்னிக்கும் எங்க தெருவுல பல வீட்டுல பாக்கலாம்.

கல்யாணம் முடிஞ்ச வாரம் அவகிட்டேர்ந்து மெசேஜு. "ஞாயித்துக்கெழமை வரேங்க. கப்பு ஒண்ணு எடுத்து வைங்க."

வீட்டைக் கழுவி விட்டேன். தலையணை உறை மாத்தினேன். கறி வாங்கி வந்து நானே கொழம்பு வெச்சேன். பகல் வண்டியில வந்து எறங்கினா. கையில ஒரு பெரிய பை, மடிச்சு, காலியா. துணிமணியெல்லாம் இங்கதான் பாதி இருக்குதே, எதுக்குத் தூக்கிட்டு வரணும்னு நெனைச்சுகிட்டேன். நெசமா அப்படித்தாங்க நெனைச்சேன், முட்டாப்பய.

சாப்ட்டா. கொழம்புல உப்பு கம்மின்னா. கப்புல டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சு முடிச்சு, காலிக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்து, ஸ்டிக்கரு சேர்ற எடத்தை நகத்தால தடவினா. "நல்லா ஒட்டியிருக்காங்க."

"இது நீ பண்ணினதுன்னு எஸ்டேட்டு முழுக்கச் சொல்லிட்டேன்"ன்னேன்.

"அக்கா போன்ல சொன்னாங்க. சந்தோசமா இருந்துச்சுங்க"ன்னா. எழுந்து போயி அவ மேசைக்கு அடியில குனிஞ்சா. ஒயரைச் சுருட்ட ஆரம்பிச்சப்பதான் அந்தக் காலிப் பை எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சுது. "மானிட்டரை எடுத்துட்டுப் போறேங்க. அங்க வேலை நெரந்தரமாயிடுச்சு. வீடு பாத்துட்டேன்."

யூனிட்டுக்குப் போயி பீங்கான் கட்டுற பெரிய அட்டைப் பெட்டியும் ஒரு கட்டு வைக்கோலும் வாங்கி வந்தேன். மானிட்டரைத் துணியில சுத்தி, நாலு பக்கமும் வைக்கோல் அடைச்சு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். அவ துணியை மடிச்சுப் பையில வெச்சா. ஆட்டோ புடிச்சு ஜங்ஷனுக்குப் போனோம்.

வண்டி பத்து நிமிசம் லேட்டு. பிளாட்பாரத்துல பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. இப்பவும் கேக்கலேன்னா நான் மனுசனே இல்லன்னு தோணுச்சு.

"போவாத. வந்துடு"ன்னேன்.

என்னைப் பாத்தா. கோவம் இல்ல அவ மூஞ்சியில. "நீங்க அனுப்புன படம் எல்லாம் வெச்சிருக்கேங்க. மொதல்ல வந்ததையெல்லாம் பெருசு பண்ணிப் பண்ணிப் பாப்பேன். பூனைக்கு அடியில, சுவத்துல, எங்கியாச்சும் 'வா'ன்னு ஒரு எழுத்து எழுதியிருப்பீங்களான்னு. இல்ல."

"படத்தைப் பாத்தாலே புரியலையா?"

"புரிஞ்சுது. நீங்க தனியா இருக்கீங்கன்னு புரிஞ்சுது. என்னை வரச் சொல்றீங்கன்னு அதுல எங்க இருந்துச்சு?"

"அப்பவே எழுதியிருந்தா?"

"அடுத்த வண்டி புடிச்சு வந்திருப்பேங்க."

வண்டி வந்துடுச்சு. பெட்டியை நான்தான் தூக்கி ஏத்தினேன். மேல யாரும் பாரம் வெக்காம பாத்துக்கன்னேன். சரின்னா. ஜன்னல்கிட்ட ஒக்காந்து, "நேரத்துக்குச் சாப்புடுங்க. போயிட்டு வரேன்"ன்னா. போயிட்டு வரேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க.

வண்டி நகர்ந்ததும் மொபைலை எடுத்தேன். "வா"ன்னு மட்டும் அடிச்சேன், படம் எதுவும் வெக்கல, அனுப்பினேன். கடைசிப் பொட்டி பிளாட்பாரம் தாண்டறதுக்குள்ள நீல டிக்கு வந்துடுச்சு. பாத்துட்டா. பதில் இன்னும் வரல.